டாரட் பெட்டியில் பெயர் இருக்கும் வெயிட் யார்? நம்பிப் படிக்கலாமா?

மகாமகக்குளம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் குறி பார்க்கிற ஒரு டாரட் சீட்டுக்கட்டு இருக்கிறது, அண்ணன் மகள் வாங்கி வைத்தது. பெட்டியில் ரைடர்-வெயிட் என்று போட்டிருக்கிறது. ரைடர் என்பது பதிப்பகத்தின் பெயர், அது வரை தெரிந்துகொண்டேன். வெயிட் யார் என்று தேடினால்தான் தலை சுற்றுகிறது. ஒரு யூடியூப்காரர் அவரைச் சூனியக்காரர் என்கிறார், பிசாசை வரவழைக்க வழிமுறைப் புத்தகமே எழுதினாராம். இன்னொருவர் பெரிய ஞானி என்கிறார். ஓர் ஆங்கிலக் கட்டுரையில் அறிஞர் என்று ஆரம்பித்து அடுத்த பத்தியிலேயே யாராலும் பொறுமையாகப் படிக்க முடியாத எழுத்து என்று முடித்திருக்கிறார்கள்.

எனக்குக் குறி கேட்பதில் ஈடுபாடு கிடையாது, வைத்தீஸ்வரன்கோயிலுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன், ஒரு தடவைகூட நாடி பார்த்ததில்லை. ஆனால் பழைய ஏட்டையும் புத்தகத்தையும் தோண்டிக்கொண்டு வாழ்நாளைக் கழித்த ஆட்கள் என்றால் ஒரு பிரியம். இவர் அந்த ஜாதியா, இல்லை சும்மா பேர் வாங்கினவரா? மனிதர் என்ன வேலை செய்தார், எழுதியதில் எதை நம்பலாம், எங்கே தொடங்குவது? தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் பழைய ஐரோப்பியப் புத்தகங்கள் நிறைய உண்டு என்கிறார்களே, அங்கே கிடைக்குமா?

அப்புறம், அத்தை அந்தக் கட்டைத் தூக்கி வெளியே போடு என்கிறார். அதற்கும் ஒரு பதில் கிடைத்தால் நல்லது.


வெண்ணாறு எழுதியது:

சரஸ்வதி மகாலை முதலில் முடித்துவிடலாம் சார். சரபோஜி மன்னர் காலமானது 1832இல், அவர் வாங்கிச் சேர்த்த ஐரோப்பியப் புத்தகங்கள் எல்லாம் அதற்கு முந்தியவை. ஆர்தர் எட்வர்ட் வெயிட் பிறந்ததே 1857 அக்டோபரில்தான்.

பிறந்தது அமெரிக்காவில், நியூயார்க்கின் புரூக்ளினில். அப்பா வணிகக் கப்பல் கேப்டன், அம்மா இங்கிலாந்துக்காரர், இரண்டு பேருக்கும் முறைப்படி கல்யாணம் நடக்கவில்லை. பிள்ளை விவரம் தெரியாத வயதில் இருக்கும்போதே அப்பா கடலில் இறந்துபோனார், அம்மா லண்டனுக்குத் திரும்பிக் கத்தோலிக்க மதத்தில் சேர்ந்துவிட்டார். அந்தப் பூசையும் தூபமும் லத்தீன் மந்திரமும் பையன் மனதில் ஆழமாக இறங்கிவிட்டன, கடைசி வரை அவரை விட்டுப் போகவில்லை. 1874இல் தங்கை இறந்தாள். அதற்குப் பிறகு நம்பிக்கை ஆட்டம் கண்டு, ஆவிகளோடு பேசுகிறோம் என்ற கூட்டத்தின் பக்கம் கொஞ்ச காலம் போனார், அதுவும் ஒத்துவரவில்லை. போய் உட்கார்ந்த இடம் பிரிட்டிஷ் மியூசியத்தின் வாசகசாலை. கல்லூரிப் பட்டம் எதுவும் கிடையாது, அவருடைய படிப்பு என்றால் அந்த வாசகசாலையில் மேசையில் அடுக்கி வைத்துப் படித்ததுதான், நல்லதும் கெட்டதும் எல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

அங்கே எலிஃபாஸ் லெவி என்ற பிரெஞ்சுக்காரரின் மந்திர நூல்கள் கையில் கிடைத்தன. 1886இல் லெவியின் எழுத்தைச் சுருக்கி ஒரு தொகுப்பு போட்டார், 1896இல் அவருடைய முக்கியமான நூலை முழுதாக மொழிபெயர்த்தார், 1913இல் லெவியின் மந்திர வரலாற்றையும் கொண்டுவந்தார். அந்தக் கடைசிப் புத்தகத்தில் வேடிக்கை என்னவென்றால், மொழிபெயர்த்தவரே அடிக்குறிப்பில் மூல ஆசிரியரோடு மல்லுக்கு நிற்கிறார். லெவி ஏதாவது அளந்துவிட்டால் கீழே, இப்படி ஓர் ஆதாரமும் இல்லை என்று வெயிட் குறித்து வைத்திருப்பார். அந்த ஆளின் குணத்தைத் தெரிந்துகொள்ள அந்த அடிக்குறிப்புகளே போதும் என்பேன்.

பேர் வாங்கித் தந்த முதல் புத்தகம் 1887இல் வந்த ரோசிக்ரூசியன்களின் உண்மை வரலாறு. 1614, 1615 வாக்கில் ஜெர்மனியில் சில சிறு பிரசுரங்கள் வெளிவந்தன, ரோசாச் சிலுவைச் சகோதரர்கள், அதாவது ரோசிக்ரூசியன்கள், என்று ஒரு ரகசியக் கூட்டம் இருக்கிறது, அதன் ஸ்தாபகர் கிழக்கு நாடுகளுக்குப் போய் ஞானம் பெற்று வந்தார் என்று. ஐரோப்பாவே அந்தக் கூட்டத்தைத் தேடி அலைந்தது, யாரும் கண்ணால் கண்டதில்லை. பிற்பாடு வந்தவர்கள் அது எகிப்திலிருந்து வருகிறது, அதற்கும் முந்தியது என்று ஆளாளுக்கு வயதைக் கூட்டிக்கொண்டே போனார்கள். வெயிட் செய்தது ஒரே காரியம்: அந்த மூலப் பிரசுரங்களை ஆங்கிலத்தில் அப்படியே எடுத்துப் போட்டு, இதற்கு முந்தி ஏதாவது எழுத்து இருந்தால் காட்டுங்கள் என்றார். அப்போது அவருக்கு முப்பது வயதுதான் இருக்கும்.

இதைச் சொல்லும்போது எனக்கு உங்கள் ஊர்க்காரர் ஒருவர் ஞாபகம் வருகிறார். அதே 1887இல்தான் கும்பகோணம் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். அவர் 1855, இவர் 1857. இரண்டு பேரும் வயதான காலத்தில் சுயசரிதை எழுதினார்கள். இரண்டு பேரும் 1942இல் போனார்கள், ஐயர் ஏப்ரல் 28, வெயிட் மே 19. ஒருவருக்கு இன்னொருவர் இருப்பதே தெரிந்திருக்காது. தற்செயல்தான், இருந்தாலும் ஒரே சமயத்தில் இரண்டு ஊரில் இரண்டு பேர் பழைய பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு பாடம் எது, கட்டுக்கதை எது என்று மல்லாடியிருக்கிறார்கள் என்று நினைத்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

சங்கங்களில் சேர்ந்த கதை தனி. 1888இல் லண்டனில் கோல்டன் டான் என்று ஒரு ரகசிய மந்திரச் சங்கம் ஆரம்பித்தார்கள், கவிஞர் யேட்ஸ்கூட அதில் இருந்தார். வெயிட் 1891இல் சேர்ந்தார், இரண்டு வருடத்தில் விலகினார், 1896இல் மறுபடி போனார். அங்கே ஒரே சண்டை, உடைந்தது, 1903இல் ஒரு துண்டு இவர் கைக்கு வந்தது. வந்ததும் முதல் வேலையாக மந்திரச் சடங்கு, வரவழைப்பது, ஏவுவது எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு, கடவுளோடு ஒன்றுவதுதான் நோக்கம் என்று மாற்றி எழுதினார். அதைச் சூனியக்காரர் செய்வாரா, யூடியூப்காரரைக் கேளுங்கள். அந்தக் கிளையும் 1914இல் கலைந்தது, அடுத்த வருடம் கிறிஸ்தவச் சாயலோடு ரோசாச் சிலுவைத் தோழமை என்று தானே ஒன்று தொடங்கினார், அதில் கடைசி வரை இருந்தார்.


மாயவரம்_மெயில் எழுதியது:

வெண்ணாறு அண்ணே எல்லாம் சொன்னீங்க, சோற்றுக்கு என்ன செய்தார் என்பதை விட்டுட்டீங்களே!

மனிதர் வேலை பார்த்தது ஹார்லிக்ஸ் கம்பெனியில். சத்தியமாக. நம் ஊரில் ஆஸ்பத்திரிக்கு ஆளைப் பார்க்கப் போகிறவர்கள் ஆரஞ்சோடு ஒரு பாட்டில் வாங்கிப் போவோமே அதே ஹார்லிக்ஸ்தான், லண்டன் அலுவலகத்தில் 1909 வரைக்கும் மேலாளர். பகலில் மால்ட் பால் பவுடர் விற்பனை, ராத்திரி ரசவாதம். அதிலும் 1904இல் கம்பெனிக்கு ஹார்லிக்ஸ் மேகசின் என்று ஒரு பத்திரிகையைத் தொடங்கவைத்து இவரே ஆசிரியராக உட்கார்ந்துகொண்டார். நண்பர் ஆர்தர் மேக்கனின் கதைகளை அதில் போட்டார். வெண்மனிதர்கள் என்று மேக்கன் எழுதிய கதை, இன்றைக்கும் திகில் கதைத் தொகுப்புகளில் அதைச் சேர்க்காமல் விடமாட்டார்கள், முதலில் வெளிவந்தது ஒரு பால்பவுடர் பத்திரிகையில். முதலாளி படித்துப் பார்த்தாரோ என்னவோ.

இனி நம் பக்கத்துச் சங்கதி ஒன்று. காரைக்கால், புதுச்சேரிக்காரர்கள் கவனிக்கவும்.

1890களில் பாரிஸில் லியோ டாக்சில் என்று ஒரு பலே ஆசாமி. முதலில் திருச்சபையைக் கிண்டலடித்துப் பிழைத்தார், பிறகு மனம் திரும்பிவிட்டேன் என்று அழுது போப்பையே போய்ப் பார்த்துவிட்டு வந்தார், வந்து ஃப்ரீமேசன்கள் என்ற ரகசியச் சகோதரச் சங்கத்தாரைப் பற்றி ஆரம்பித்தார். மேசன்களின் லாட்ஜுக்குள், அதாவது அவர்கள் கூடும் சபைக்குள், ஒரு ரகசிய உள்வட்டம் இருக்கிறது, அங்கே லூசிஃபர் என்ற சாத்தானைத்தான் கும்பிடுகிறார்கள் என்று மூட்டை மூட்டையாக எழுத்து. டாக்டர் பத்தாய் என்ற புனைபெயரில் தவணை தவணையாக ஒரு பெரிய புத்தகம் வந்தது, ஒரு கப்பல் டாக்டர் உலகம் முழுக்கச் சுற்றி இந்தப் பிசாசுப் பூசைகளை நேரில் பார்த்ததாக. அவர் பார்த்த ஊர்களில் இலங்கை உண்டு, கல்கத்தா உண்டு, நம் புதுச்சேரியும் உண்டு! பாரிஸில் உட்கார்ந்து வாசித்தவர்கள் நம் கடற்கரையில் பிசாசுக் கோயில் இருக்கிறது என்று நம்பினார்கள். கூட ஒரு பெண் பாத்திரம் வேறு, டயானா வாகன். பதினேழாம் நூற்றாண்டு ரசவாதி தாமஸ் வாகனின் வம்சம், பிசாசுக் கூட்டத்தின் தலைவியாக இருந்து மனம் திரும்பியவள் என்று.

இங்கேதான் டாக்சிலுக்குப் பாவம் சனி பிடித்தது. தாமஸ் வாகனின் நூல்களை 1888இல் பதிப்பித்த ஆள் யார்? நம் வெயிட். அந்த மனிதர் எப்போது பிறந்தார், என்ன எழுதினார் என்பதெல்லாம் இவருக்கு அத்துப்படி. 1896இல் பிரான்சில் பிசாசு வழிபாடு என்று ஒரு புத்தகம் போட்டு, ஒவ்வொரு சாட்சியாகக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தார். புதுச்சேரிக் கதையையும் விடவில்லை. டயானாவின் வம்சாவளி வாகனின் உண்மையான வாழ்க்கையோடு எங்கெங்கே முட்டுகிறது என்று எடுத்துக் காட்டினார். அடுத்த வருடம் 1897 ஏப்ரல் 19இல் டாக்சில் பாரிஸில் கூட்டம் போட்டு, எல்லாம் நான் கட்டிவிட்டதுதான் என்று தானே சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். ஒப்புக்கொண்ட பிறகு பொய் என்று சொன்னவர்கள் ஆயிரம் பேர், முன்னாலேயே சொன்னவர்கள் சிலர்தான். வெயிட் அப்போது மேசன்கூட இல்லை, 1901இல்தான் சேர்ந்தார். அதனால் சொந்தச் சங்கத்துக்கு வக்காலத்து வாங்கினார் என்றும் சொல்ல முடியாது.

அவர் எழுதியதிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். நடையும் மற்றதை விடச் சுறுசுறுப்பு, கோபத்தில் எழுதியதாலோ என்னவோ.


கொள்ளிடக்கரை எழுதியது:

எனக்கு இந்த உற்சாகம் புரியவில்லை. ஒரு பொய்யைப் பொய் என்று சொன்னார் சரி. ஆனால் அவரே காலம் முழுக்க அங்கி போட்டுக்கொண்டு ரகசியச் சங்கத்தில் சடங்கு செய்தவர்தானே? கிளி ஜோசியக்காரர் கைரேகைக்காரரைக் குறை சொன்னால் கிளி ஜோசியக்காரர் அறிஞராகிவிடுவாரா? எல்லா மதத்துக்கும் அடியில் ஒரு ரகசிய மரபு ஓடுகிறது என்று இவரும் தொகுதி தொகுதியாக எழுதினார் என்று படித்திருக்கிறேன். அதற்கு மட்டும் ஆதாரம் இருந்ததா?


அரிசிலாறு எழுதியது:

கொள்ளிடக்கரை கேட்பது நியாயமான கேள்வி, அதைத் தாண்டிப் போகக் கூடாது.

வெயிட்டிடம் இரண்டு ஆள் உண்டு. ஒரு கருத்துக்கு எவ்வளவு வயது என்று யாராவது கதை விட்டால் ஆதாரம் கேட்கிற ஆள் ஒருவர். எகிப்திலிருந்து வந்தது, சாலமோன் எழுதியது என்ற பேச்செல்லாம் அவரிடம் எடுபடாது. இன்னோர் ஆளுக்கு உள்ளுக்குள் ஒரு தீராத ஆசை, தேவாலயத்துக்குப் பின்னால் இன்னொரு மறைந்த தேவாலயம் இருக்கிறது, ரசவாதிகள், இயேசுவின் கடைசி விருந்துக் கிண்ணம் என்கிற கிரேயில் கிண்ணக் கதைகள், யூதர்களின் கபாலா, மேசன் சடங்கு எல்லாம் அதையே வேறு வேறு பாஷையில் சொல்கின்றன என்று. 1909இல் வந்த கிரேயில் புத்தகத்திலேயே இது முழுதாக வந்துவிட்டது. இதற்கு ஆவணம் கிடையாது, அவரும் சங்கங்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்தன என்று சொல்லாமல், அனுபவத்தில் ஒற்றுமை என்று நழுவுகிறார். படிக்கும்போது எந்த ஆள் பேசுகிறார் என்று பார்த்துக்கொண்டே படித்தால் ஏமாற மாட்டோம். பெரும்பாலும் பத்தி நீள ஆரம்பித்தால் இரண்டாவது ஆள் பேச ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம்.

இன்னொரு பலவீனம் இதைவிடப் பெரிது என்று நினைக்கிறேன். யூத ஞான மரபான கபாலாவைப் பற்றி மூன்று நான்கு புத்தகங்கள் எழுதினார், 1913இல் ஒன்று, எல்லாவற்றையும் சேர்த்து 1929இல் ஒரு பெரும் தொகுதி. ஆனால் அவருக்கு எபிரேயமும் தெரியாது அரமேயமும் தெரியாது. ஸோஹர் என்ற மூல நூலை ஜான் த பாலி என்பவரின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வழியாகத்தான் படித்தார், அந்த மொழிபெயர்ப்பே கோளாறானது. பிற்காலத்தில் அந்தத் துறையைக் கட்டி எழுப்பிய கெர்ஷோம் ஷோலெம் 1941இல் எழுதிய நூலில் வெயிட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறார்: ஸோஹரின் குறியீடுகளுக்குள் உண்மையிலேயே நுழையப் பார்த்தவர், நல்ல நுணுக்கம் இருக்கிறது, ஆனால் மொழி தெரியாததால் அந்தப் பிரெஞ்சுப் பிரதி சொன்னதையெல்லாம் நம்ப வேண்டியதாகிவிட்டது, வரலாற்று விஷயத்திலும் கவனம் போதாது என்று. மற்ற மாந்திரீக எழுத்தாளர்களை ஷோலெம் அந்த மரியாதைக்குக்கூட எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வெண்ணாறு ஐயா உ.வே.சா.வை இழுத்தார், நானும் இழுக்கிறேன். சிந்தாமணியில் சமண மதச் செய்தி வரும் இடங்கள் புரியாமல் தவித்தபோது ஐயர் என்ன செய்தார்? கும்பகோணத்திலேயே இருந்த ஜைனர்கள் வீட்டுக்குப் போய், சைவ மடத்தில் படித்த பிராமணர் என்ற கூச்சம் பார்க்காமல், கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்த நூலை உயிரோடு வைத்திருக்கிறவர்களிடம் போவது என்று ஒரு வழி இருக்கிறது. லண்டனில் யூத அறிஞர்களுக்குப் பஞ்சமா? வெயிட் வாசகசாலையை விட்டு எழுந்திருக்கவில்லை. திருவாவடுதுறைப் பக்கம் எட்டிப் பார்க்காமல், தமிழும் தெரியாமல், திருமந்திரத்துக்குப் பிரெஞ்சிலிருந்து ஒருவர் பெரிய வியாக்கியானம் எழுதினால் நாம் எப்படி எடுத்துக்கொள்வோம்? புத்திசாலித்தனத்தைப் பாராட்டலாம், மேற்கோள் காட்ட மாட்டோம்.

ஆகவே ரோசிக்ரூசியன், மேசன், லெவி, ஆங்கில ரசவாதிகள் என்று அவருக்கு மொழி தெரிந்த இடத்தில் நல்ல வழிகாட்டி. கபாலாவில் அவரை வாயிற்படியோடு நிறுத்திக்கொள்ளலாம்.


செம்பனார்கோயில்_செல்வி எழுதியது:

சீட்டுக்கட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே, கேள்வியே அதிலிருந்துதானே வந்தது.

டாரட் என்பது அடிப்படையில் பதினைந்தாம் நூற்றாண்டு வட இத்தாலியில் ஆடிய சீட்டாட்டம். 78 சீட்டு, அதில் 22 படச்சீட்டு, மீதி 56 நம் சீட்டுக்கட்டு மாதிரி நான்கு ஜாதி. மூன்று நூற்றாண்டுக்கு மேல் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். 1781இல் பாரிஸில் கூர் த ஜெபெலின் என்பவர் இது எகிப்தியர்களின் ஞானப் புத்தகம் என்று ஒரு போடு போட்டார், யாருக்கும் எகிப்து எழுத்தைப் படிக்கத் தெரியாத காலம், எதை வேண்டுமானாலும் சொல்லலாம். வெயிட் தன் டாரட் கையேட்டில் இந்த எகிப்துக் கதையை ஆதாரமில்லை என்று தள்ளிவிடுகிறார், லெவியையும் விடவில்லை. அண்ணன் மகள் பார்க்கிற ரீல்ஸ் எல்லாம் இன்னும் எகிப்து எகிப்து என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கும், பெட்டியில் பெயர் போட்டிருக்கிற ஆளே அதை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லுங்கள் அண்ணா.

குறி சொல்வதையும் அவர் மட்டமாகத்தான் பேசுகிறார். ஆனாலும் அதே புத்தகத்தில் பத்துச் சீட்டை சிலுவை மாதிரி பரப்பிப் பலன் பார்க்கும் முறையைக் கொடுத்தார், இன்றைக்கு உலகம் முழுக்க அதைத்தான் பரப்புகிறார்கள். பதிப்பாளருக்கு விற்க வேண்டும் அல்லவா.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. அந்தப் படங்களை வரைந்தது வெயிட் இல்லை. பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். 1878இல் லண்டனில் பிறந்தவர், சின்ன வயதில் ஜமைக்காவில் இருந்தவர், நாடக மேடை வேலை, ஜமைக்கா நாட்டுப்புறக் கதைகளைச் சொல்லிக் காட்டுவது என்று பல திறமை. 1901இல் கோல்டன் டானில் சேர்ந்தார், உடைந்தபோது வெயிட் பக்கம் வந்தார். 1909இல் சில மாதங்களுக்குள் அத்தனை சீட்டையும் வரைந்து கொடுத்தார். அந்த வருடம் டிசம்பரில் கட்டு வெளிவந்தது. கூலி மிகக் குறைவு, பெரிய வேலைக்குச் சொற்பக் காசு என்று அவரே ஒரு நண்பருக்கு எழுதியிருக்கிறார். புத்தகத்திலும் பெட்டியிலும் ரைடர், வெயிட் என்று இரண்டு ஆண்களின் பெயர். அவருடைய பெயருக்கு மூன்று எழுத்துக் கையொப்பம், ஒவ்வொரு சீட்டின் ஓரத்திலும் கொடி மாதிரி சுருண்டு கிடக்கும், கட்டை எடுத்துப் பாருங்கள்.

இதில் விஷயம் என்னவென்றால் அதற்கு முன் வந்த கட்டுகளில் அந்த 56இல் உள்ள எண் சீட்டுகளில் வெறும் எண்ணிக்கைதான் இருக்கும், ஐந்து கோப்பை என்றால் ஐந்து கோப்பைப் படம், முடிந்தது. ஸ்மித் அந்த எண் சீட்டுகளுக்கும் பெரும்பாலும் மனிதர்களை வைத்துக் காட்சி வரைந்தார். சோலா புஸ்கா என்று 1491 வாக்கில் வந்த ஓர் இத்தாலியக் கட்டில் அப்படி இருந்தது, அதன் புகைப்படங்கள் 1907இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தன, மூன்று வாள் குத்திய இதயம் அங்கிருந்து நேராக வந்ததுதான். இந்தக் கட்டு ஜெயித்ததற்கு அந்தக் காட்சிகள்தான் காரணம், அவற்றில் பெரும்பகுதி அவர் கையில் விட்டதுதான் என்பது என் முடிவு. படச்சீட்டுகளில் வெயிட்டின் யோசனை நிறைய இருக்கும், வலிமை, நீதி என்ற இரண்டு சீட்டுகளை 8, 11 என்று இடம் மாற்றியதும் அவர் சீட்டுக்கட்டு மூலம் பரவியதுதான். சுயசரிதையில் ஸ்மித்தைப் பற்றி அவர் எழுதியிருப்பது, சில சீட்டுகளுக்கு அந்தப் பெண்ணுக்கு ஊட்டிவிட வேண்டியிருந்தது என்கிற தொனியில். படிக்கும்போது எரிச்சலாக வரும்.

ஸ்மித் 1911இல் கத்தோலிக்கராகி, பிறகு கார்ன்வாலுக்குப் போய், 1951இல் கடனோடு செத்துப்போனார். இப்போது சில பதிப்புகளில் ஸ்மித் பெயரையும் சேர்த்துப் போடுகிறார்கள்.


கொள்ளிடக்கரை எழுதியது:

அரிசிலாறு சொன்னது எனக்கு ஏற்புடையது. ஆனால் அந்தப் பிசாசு வரவழைக்கும் புத்தகம் உண்மையா பொய்யா, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.


வெண்ணாறு எழுதியது:

உண்மை, ஆனால் யூடியூப்காரர் முன்னுரையைப் படிக்கவில்லை. 1898இல் வந்தது, கருப்பு மாந்திரீகமும் ஒப்பந்தங்களும் பற்றிய நூல், 1911இல் கொஞ்சம் மாற்றி வேறு தலைப்பில் மறுபடி போட்டார். சாலமோனின் சாவி, கிராண்ட் கிரிமோயர் மாதிரி பழைய மாந்திரீகச் சுவடிகளை எல்லாம் எடுத்து, எது எப்போது எழுதப்பட்டது, எதிலிருந்து எது காப்பி அடித்தது என்று பிரித்துக் காட்டி, நிறையப் பகுதிகளை அப்படியே கொடுத்தும் இருக்கிறார். அவருடைய வாதம், வெள்ளை மந்திரம் கருப்பு மந்திரம் என்று இந்த நூல்களைப் பிரிப்பதே சும்மா, வெள்ளை என்று பேர் வைத்ததிலும் பேராசையும் வசியமும்தான் இருக்கிறது என்பது. கூடவே கிண்டலும். ஆனால் மாந்திரீகத்தைத் திட்டுவதற்காக அத்தனை செய்முறையையும் அச்சில் ஏற்றிவிட்டால் வாங்குகிறவன் திட்டுக்காகவா வாங்குவான்? அது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

அதைப் படித்துத்தான், பிற்பாடு மாந்திரீகத்தில் பேர்போன அலைஸ்டர் குரோலி இளைஞராக இருந்தபோது இவருக்குக் கடிதம் போட்டார். இவர் மந்திரம் எதுவும் சொல்லித்தரவில்லை, எக்கார்ட்ஸ்ஹௌசன் என்பவரின் கிறிஸ்தவ ஞான நூல் ஒன்றைப் படி என்று பதில் எழுதினார். குரோலி படிக்கவும் செய்தார், பிற்பாடு சொந்தப் பாதை போய், தன் பத்திரிகையில் வெயிட்டை டெட் வெயிட் (ஆங்கிலத்தில் வெறும் பாரம் என்றும் கேட்கும்) என்று பேர் வைத்து ஆண்டுக்கணக்கில் கேலி செய்தார், ஒரு நாவலில் வில்லனாகவே ஆக்கினார். வெயிட்டின் நடையைப் பற்றி அவர் செய்த கிண்டலில் நியாயம் உண்டு, அதை நான் மறுக்க மாட்டேன்.


மகாமகக்குளம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. கையொப்பத்தைப் பார்த்தேன் செல்வி, சூரியன் சீட்டில் கீழே வலது மூலையில் இருக்கிறது, இத்தனை நாள் ஏதோ கோலம் என்று நினைத்திருந்தேன். புதுச்சேரிக் கதைக்காகவே அந்தப் பிசாசுப் புத்தகத்தைத் தேடப்போகிறேன். அதற்கு அடுத்து எது? காசு கொடுத்து வாங்க வேண்டுமா?


மாயவரம்_மெயில் எழுதியது:

காசு வேண்டாம் சார். 1942இல் இறந்தவர், காப்புரிமை எப்போதோ போய்விட்டது, பழைய பதிப்புகளின் ஸ்கேன் இணையத்தில் சும்மாவே கிடைக்கிறது. பிசாசுப் புத்தகத்துக்கு அடுத்து 1887 ரோசிக்ரூசியன் புத்தகம். அதே விஷயத்தைப் பற்றி 1924இல் அவரே பெரிதாக ஒன்று எழுதினார், தகவல் அதில்தான் அதிகம், ஆனால் முதலில் அதைத் தொட்டால் விட்டுவிடுவீர்கள். 1921இல் வந்த மேசன் கலைக்களஞ்சியத்தைக் கிட்டவே போகாதீர்கள், மேசன்களே அதில் தேதிப் பிழைகள் என்று திட்டுகிறார்கள். டாரட் கையேடு சின்னதுதான், ஆனால் முதல் பகுதியையும் கடைசியில் உள்ள நூற்பட்டியல் குறிப்புகளையும் படித்தால் போதும், மற்றவர்களை அவர் வறுத்தெடுக்கிற இடம் அங்கேதான்.

சுயசரிதை 1938. தன்னைப் பற்றிய புத்தகத்தில் தன்னைப் பற்றிச் சொல்லாமல் இருப்பது எப்படி என்று அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். வாழ்க்கை தெரிய வேண்டுமானால் ஆர்.ஏ.கில்பர்ட் 1987இல் எழுதிய வாழ்க்கை வரலாறு இருக்கிறது, அது மட்டும் விலை கொடுக்க வேண்டியது, பழைய பிரதி கிடைத்தால் வாங்கிவிடுங்கள்.


செம்பனார்கோயில்_செல்வி எழுதியது:

அத்தைக்குப் பதில்: முந்நூறு வருடம் சீட்டாடின கட்டு, வரைந்தவர் சர்ச்சுக்குப் போன பெண், எழுதினவர் ஹார்லிக்ஸ் மேனேஜர் என்று சொல்லுங்கள். அப்படியும் கேட்கவில்லையென்றால் எனக்கு அனுப்பிவிடுங்கள் அண்ணா, என் கட்டில் இரண்டு சீட்டு தொலைந்துவிட்டது.